முன்னாள் நிறுவனம் தவறுதலாக வரவு வைத்த ஒரு மாதச் சம்பளம்: எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நீலாம்பல் | 2 மார்ச் 2025

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் 2018 பிப்ரவரி தொடங்கி ஏழு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நோட்டீஸ் காலம் முழுவதையும் முடித்து, கடந்த ஜனவரி 31ஆம் தேதி முறைப்படி விலகினேன். ரிலீவிங் கடிதம் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. ஜனவரி மாதச் சம்பளமும் பிடித்து வைக்கப்படாமல் வந்து சேர்ந்தது. பிப்ரவரி 3ஆம் தேதி முதல் ஒரகடத்தில் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்து வருகிறேன்.

பிப்ரவரி 28ஆம் தேதி மாலை, என் பழைய சம்பளக் கணக்கில் ரூ. 64,100 வரவு வைக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஃபைனல் செட்டில்மென்ட் தொகையாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வங்கிக் கணக்கில் பிப்ரவரி மாதச் சம்பளம் என்றே குறிப்பு இருக்கிறது. தொகையும், மொத்தச் சம்பளமான ரூ. 68,000-இல் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ரூ. 1,800, வருமான வரி ரூ. 2,100 ஆகியவை கழிந்து மாதாமாதம் என் கைக்கு வந்துகொண்டிருந்த அதே தொகைதான். ஒரு ரூபாய்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆகவே சம்பளப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பணம் என்னுடையதல்ல, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். நேற்றுக் காலை அந்த நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கும் இளைஞர் ஒருவர் என்னை அழைத்தார். "அக்கா, லிஸ்ட்ல உங்க பேரை எடுக்காம விட்டுட்டேன். என்னோட ஜிபே நம்பருக்கு அறுபத்தெட்டாயிரம் அனுப்பிடுங்க, நானே கம்பெனியில கட்டிடறேன். மேல தெரிஞ்சா என் வேலை போயிடும்" என்றார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்லும் பிள்ளை அல்ல. என்றாலும், தனிநபர் எண்ணுக்கு இவ்வளவு பெரிய தொகையை அனுப்புவது சரியாகப் படவில்லை; என் கைக்கு வந்ததே ரூ. 64,100 ஆக இருக்கும்போது ரூ. 68,000 ஏன் கொடுக்க வேண்டும் என்பதும் விளங்கவில்லை.

என் கணவரோ, ஏழு ஆண்டுக்கான கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) எடுக்காத விடுப்புக்கான பணமும் இன்னும் வராத நிலையில், அவை வரும் வரை இந்தப் பணத்தைக் கையில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்கிறார். மேலும், பிப்ரவரி மாதத்துக்கு இரண்டு நிறுவனங்களிலிருந்தும் பி.எஃப். செலுத்தப்பட்டால், நான் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வேலை பார்த்ததாகப் புதிய நிறுவனம் எண்ணிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வூதியர்_திருச்சி | 2 மார்ச் 2025

சகோதரிக்கு வணக்கம். நான் மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ஊழியருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஊதிய நிர்ணயத்தில் நேர்ந்த பிழையைக் காரணம் காட்டி, ஓய்வு பெற்ற பிறகு பிடித்தம் செய்ய வந்தபோது, என்னுடன் பணியாற்றிய சிலர் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் நிவாரணம் பெற்றார்கள். எனவே அவசரப்பட்டு எதையும் அனுப்பிவிடாதீர்கள். அந்தத் தம்பியின் சொந்த எண்ணுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், நாளைக்கு நிறுவனம் உங்களிடம் ரசீது கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சட்டத்துணை_மதுரை | 2 மார்ச் 2025

மேலே எழுதிய பெரியவர் குறிப்பிட்ட தீர்ப்பு உண்மையானது, மிக முக்கியமானதும்கூட. ஆனால் அது சகோதரியின் நிலைமைக்குப் பொருந்தாது என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அரசு ஊழியர்களுக்கு ஊதிய நிர்ணயத்தில் நேர்ந்த பிழையால் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகச் சென்ற தொகையை, அவர்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லாதபோது, பின்னாளில் பிடித்தம் செய்வது கொடுமையாக முடியும் என்ற அடிப்படையில் எழுந்த தீர்ப்பு அது. அரசுப் பணியின் கீழ்நிலைப் பிரிவுகளான குரூப் சி, குரூப் டி நிலையில் உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர்கள், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடுதல் தொகை பெற்று வந்தவர்கள் என்று சில வகையினரை நீதிமன்றம் குறிப்பிட்டுச் சொன்னது. கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 2022-இல் இதே கொள்கை மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. அந்த ஊழியர்கள் செய்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்கினார்கள். அதன் அளவில்தான் பிழை. இங்கே வேலையை விட்டு விலகிய பிறகு, வேலையே செய்யாத ஒரு மாதத்துக்கு, தனியார் நிறுவனம் ஒன்று பணம் அனுப்பியிருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இங்கே பொருந்துவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்று அது நேரடியாகவே சொல்கிறது. அந்தப் பிரிவோடு சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது: இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவருக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், ஒருவர் முழுத் தொகையையும் கட்டிவிட்டது தெரியாமல் மற்றவரும் நூறு ரூபாய் கட்டிவிடுகிறார், இரண்டாவதாக வந்த நூறு ரூபாயை அந்த மூன்றாமவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பெற்றவர் கேட்டு வாங்கினாரா, ஏமாற்றி வாங்கினாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு செலுத்திய பணத்துக்கும் இதே பிரிவு பொருந்தும் என்று 1958-இல் பனாரஸ் விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கொடுத்தவருடைய கவனக்குறைவு உங்களுக்கு உரிமையாக மாறிவிடாது.

குற்றவியல் சட்டத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பணம் தானாக வந்து சேர்ந்ததில் உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அது தவறுதலாக வந்தது என்று தெரிந்த பிறகும், நேர்மையற்ற எண்ணத்தோடு அதைத் தன்வயப்படுத்திக்கொண்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 314ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ள குற்றச்சாட்டுக்கு இடமுண்டு. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. பணம் வந்த விவரத்தை நீங்களாகவே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால் நேர்மையற்ற எண்ணம் என்ற பேச்சே எழாது. ஆகையால் பணத்தை அனுப்புவதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, தெரிவிப்பதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மூன்று ஆண்டு கடந்தால் வழக்குப் போட முடியாது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். தவறு அடிப்படையிலான வழக்கில் அந்தக் காலக்கெடு, தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, உரிய கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் தொடங்குகிறது என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சொல்கிறது.

உங்கள் கணவரின் யோசனை மனித இயல்புதான். இருந்தாலும், அவர்கள் தர வேண்டியதைத் தரவில்லை என்பதற்காக, தொடர்பில்லாத வேறொரு தொகையை நீங்களாகப் பிடித்து வைத்துக்கொள்வது உங்கள் பக்கத்து நியாயத்தைத்தான் பலவீனப்படுத்தும். கிராஜுவிட்டியைக் கேட்டுப் பெறுவதற்குத் தனிச் சட்டமும் தனி அதிகாரியும் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை_கோவை | 2 மார்ச் 2025

நீலாம்பல் அவர்களுக்கு வணக்கம். கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தருவது என் தொழில். சட்டத்தை வழக்குரைஞர் சொல்லிவிட்டார்; நான் சம்பளப் பிரிவின் உள்ளே இந்தப் பிழை எப்படி நிகழ்கிறது, அதை எப்போது எளிதாகச் சரிசெய்யலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நாள்கணக்கு மிகவும் முக்கியம்.

பெரும்பாலான நிறுவனங்களில் மாதத்தின் 20 முதல் 25ஆம் தேதிக்குள் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். விலகியவர்களின் பெயர்கள் மனிதவளப் பிரிவிலிருந்து அதற்குள் வந்து சேர வேண்டும். மென்பொருளில் கடைசி வேலை நாளைப் பதிவு செய்யாவிட்டால், முந்தைய மாதத்துக் கணக்கையே அது அப்படியே நகலெடுத்து, வருகைப் பதிவு இல்லாவிட்டாலும் முழுச் சம்பளத்தைப் போட்டுவிடும்; மாதச் சம்பளக்காரர்களுக்கு விடுப்பு பதிவானால் மட்டுமே கழிக்கும்படி பல மென்பொருள்களை அமைத்திருப்பார்கள். ஆகவே இது அந்த இளைஞர் ஒருவருடைய தவறு என்று நான் கருத மாட்டேன். பட்டியலைத் தயாரித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், வங்கிக்கு அனுப்ப ஒப்புதல் அளித்தவர் ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நாள்கணக்குக்கு வருகிறேன். பிப்ரவரி சம்பளத்தில் பிடித்த வருமான வரியை மார்ச் 7ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். பிப்ரவரி மாதத்துக்கான பி.எஃப். கணக்கைத் தாக்கல் செய்து பணம் கட்ட மார்ச் 15 கடைசி நாள். இன்று மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலையிலேயே உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தால், இரண்டிலிருந்தும் உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர்களால் தாக்கல் செய்ய முடியும். அப்படிச் செய்துவிட்டால், பிப்ரவரி மாதத்தில் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கான தடயமே அரசுப் பதிவுகளில் இருக்காது. இருவேலை பற்றிய உங்கள் அச்சத்துக்கும் இதுவே மருந்து. 15ஆம் தேதி தாண்டிவிட்டால், செலுத்திய பி.எஃப். பணத்தைத் திரும்பப் பெற நிறுவனம் பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதி அலைய வேண்டியிருக்கும். பலர் அந்த அலைச்சலுக்கு அஞ்சி அப்படியே விட்டுவிடுவார்கள்.

ரூ. 68,000-ஆ, ரூ. 64,100-ஆ என்ற கேள்விக்கு என் பதில்: உங்கள் கைக்கு வந்தது ரூ. 64,100, திருப்பித் தர வேண்டியதும் அதுவே. இடையில் உள்ள ரூ. 3,900 இன்றைய நிலையில் நிறுவனத்திடமே இருக்கிறது. அவர்கள் இன்னும் அரசுக்குக் கட்டவில்லை என்றால் அதைக் கேட்பதற்கு அவர்களுக்கு அடிப்படையே இல்லை. வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தாலும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்குரிய 24கியூ அறிக்கையை (சம்பளத்தில் பிடித்த வரிக்கான கணக்கு) மே 31 வரை தாக்கல் செய்யலாம் என்பதால், அந்த அறிக்கையில் உங்கள் பெயரில் பிப்ரவரி சம்பளத்தைக் காட்டாமல், கட்டிய ரூ. 2,100-ஐ மற்ற ஊழியர்களின் வரியோடு ஈடுகட்டிக்கொள்ள முடியும். ஒருவேளை அவர்கள் எதையும் திருத்தாமல், வரி உங்கள் பெயரிலேயே வரவாகி, பி.எஃப். தொகையும் உங்கள் கணக்கில் ஏறிவிட்டால், அப்போது அந்த ரூ. 3,900 உண்மையிலேயே உங்களுக்கு வந்து சேர்ந்ததாகிவிடும். அதைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் திருத்தமும் செய்துகொண்டு, மொத்தத் தொகையையும் கேட்க முடியாது. இதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்புவதற்கு மார்ச் 31 என்ற எல்லையையும் மனத்தில் வையுங்கள். அதே நிதியாண்டுக்குள் பணம் திரும்பிவிட்டால், 2024-25ஆம் ஆண்டுக்கான படிவம் 16-இல் (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ்) ஏப்ரல் முதல் ஜனவரி வரையிலான பத்து மாதச் சம்பளம் மட்டும் வரும். ஆண்டு கடந்துவிட்டால், வாங்காத சம்பளத்துக்கு வரி கணக்கிடப்பட்டு, பிறகு அறிக்கையைத் திருத்தச் சொல்லி நீங்கள் அவர்கள் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். புதிய நிறுவனத்துக்கு, பழைய சம்பளத்தைத் தெரிவிக்கும் படிவம் 12பி கொடுத்திருப்பீர்கள். அதில் நீங்கள் காட்டிய பத்து மாதக் கணக்கோடும் பொருந்தாமல் போகும்.

கடிதத்தை மனிதவளப் பிரிவின் பொது முகவரிக்கும் நிதிப் பிரிவுத் தலைவருக்கும் சேர்த்து, உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். எழுத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"நான் 31.01.2025 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டேன். 28.02.2025 அன்று தங்கள் நிறுவனத்திடமிருந்து பிப்ரவரி மாதச் சம்பளம் என்ற குறிப்புடன் ரூ. 64,100 என் வங்கிக் கணக்கில் வரவாகியுள்ளது. இத்தொகை எனக்கு உரியதல்ல என்று கருதுகிறேன். இது தவறுதலாக அனுப்பப்பட்டதுதானா என்பதை உறுதிப்படுத்தி, திருப்பிச் செலுத்த வேண்டிய நிறுவன வங்கிக் கணக்கின் விவரத்தை இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். பிப்ரவரி மாதத்துக்கான வருமான வரிப் பிடித்தத்திலும் பி.எஃப். தாக்கலிலும் என் பெயர் சேர்க்கப்படாதிருப்பதையும், சேர்க்கப்பட்டிருந்தால் நீக்கப்படுவதையும் உறுதி செய்து தெரிவிக்க வேண்டுகிறேன்."

அந்த இளைஞரின் பெயரையோ அவர் அழைத்ததையோ இதில் குறிப்பிட வேண்டிய தேவை இல்லை. கடிதம் அனுப்புவதற்கு முன்பு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: நான் இதை மின்னஞ்சலில்தான் அனுப்ப முடியும், நீங்களே முந்திக்கொண்டு உங்கள் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள் என்று. பிழையைத் தானே கண்டுபிடித்து மார்ச் 3ஆம் தேதி சொல்பவரை எந்த நிறுவனமும் கடுமையாக நடத்தாது. தன் சொந்தக் கணக்கில் நிறுவனப் பணத்தை வாங்கினார் என்பது தணிக்கையில் வெளிவந்தால்தான் அவருடைய வேலைக்கு உண்மையான ஆபத்து. அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, அவர் கேட்டதை மறுப்பதுதான்.

வங்கி விஷயத்தில் ஒன்று மட்டும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, அதே கணக்கு எண்ணையோ அதே நிறுவனத்தின் பெயரில் உள்ள வேறு கணக்கையோ அவர்கள் தர வேண்டும். இணைய வங்கி வழியாக நெஃப்ட் மூலம் அனுப்பினால் சேமிப்புக் கணக்குக்குக் கட்டணம் எதுவும் இல்லை. 2020 ஜனவரி முதல் அப்படித்தான். நெஃப்டில் பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டுமே நம்பி வரவு வைப்பார்கள் என்பதால், ஒவ்வோர் இலக்கத்தையும் இருமுறை சரிபாருங்கள். குறிப்புப் பகுதியில் உங்கள் பழைய ஊழியர் எண்ணையும் பிப்ரவரி சம்பளம் திருப்பம் என்பதையும் எழுதுங்கள். அதுவரை அந்தக் கணக்கில் இருப்பு ரூ. 64,100-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணை ஏதாவது அதிலிருந்து தானாகக் கழிவதாக இருந்தால், உங்கள் சொந்தப் பணத்தை முன்கூட்டியே அதில் போட்டு வையுங்கள்.

நீலாம்பல் | 5 மார்ச் 2025

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை காலை அந்த இளைஞரிடம் பேசிவிட்டு, கணக்குப்பிள்ளை ஐயா எழுதித் தந்தபடியே கடிதத்தை அனுப்பினேன். அந்த இளைஞரும் அன்றைக்கே தன் மேலாளரிடம் சொல்லிவிட்டார். கண்டித்தார்கள், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்று மாலையில் அவரே அழைத்துச் சொன்னபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இன்று நிதிப் பிரிவிலிருந்து பதில் வந்திருக்கிறது. வரியும் பி.எஃப்.-உம் இன்னும் கட்டப்படவில்லை என்றும், இரண்டிலிருந்தும் என் பெயரை நீக்கிவிடுவதாகவும், ரூ. 64,100 மட்டுமே திரும்ப வர வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார்கள்: நான் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, எனக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்களாம். அதற்குச் சம்மதக் கடிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என் அடிப்படைச் சம்பளம் ரூ. 34,000. இதற்குச் சம்மதிக்கலாமா?

சட்டத்துணை_மதுரை | 5 மார்ச் 2025

சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் உங்களுக்கு வர வேண்டிய தொகையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் கிராஜுவிட்டிச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படி இருந்தால் அதையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ரூ. 34,000-க்கும் ஏழு ஆண்டுகளுக்கும் அது ரூ. 1,37,308 ஆகிறது. அது உரியதாகும் நாளிலிருந்து 30 நாளுக்குள் நிறுவனம் அதைக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் ஜனவரி 31ஆம் தேதி விலகியதால் அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. தாமதத்துக்குத் தனி வட்டி தரும் கடமையும் அவர்களுக்கு உண்டு.

கிராஜுவிட்டியில் நிறுவனம் எப்போது கைவைக்கலாம் என்பதை அந்தச் சட்டத்தின் 4(6) பிரிவு மட்டுமே தீர்மானிக்கிறது. ஊழியர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சொத்துக்குச் சேதம் விளைவித்து அதனால் பணிநீக்கம் செய்யப்பட்டால், அல்லது வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டால் மட்டுமே அது இயலும். அவர்களே தவறாகப் போட்ட சம்பளத்தைக் கழித்துக்கொள்வதற்கு அங்கே இடமே இல்லை. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக்கூடக் கிராஜுவிட்டியை ஜப்தி செய்ய முடியாது என்று 13ஆம் பிரிவு சொல்லுமளவுக்கு அது பாதுகாக்கப்பட்ட பணம். அப்படிப்பட்ட பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

எடுக்காத விடுப்புக்கான தொகையில் கழித்துக்கொள்வதாகக் கேட்டால், கணக்கை வரிவரியாகக் காட்டச் சொல்லிவிட்டு நீங்கள் யோசிக்கலாம். என்றாலும், கணக்கைத் தனித்தனியாகவே வைத்துக்கொள்வதுதான் பின்னாளில் தலைவலி இல்லாத வழி. இன்றைக்கே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே கையோடு படிவம் ஐ-யில் கிராஜுவிட்டிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பம் தாமதமானது என்பதற்காக யாரும் அதை நிராகரிக்க முடியாது. அதன் பிறகும் தராவிட்டால், தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கென உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். தவறாக வந்த பணத்தை உடனே திருப்பிய ஊழியர் என்ற நிலையில் அந்த மனுவைக் கொடுப்பதற்கும், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கணவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை_கோவை | 5 மார்ச் 2025

வழக்குரைஞர் சொன்னதோடு வரிக் காரணம் ஒன்றையும் சேர்க்கிறேன். கிராஜுவிட்டி, குறிப்பிட்ட வரம்புக்குள், அதாவது உங்கள் தொகையைப் போலப் பல மடங்கு வரை, வருமான வரி இல்லாதது. சம்பளமோ வரிக்கு உட்பட்டது. கழித்துக்கொள்ளும் முறைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டால், அவர்களுடைய புத்தகத்தில் பிப்ரவரி சம்பளம் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதாகவே நின்றுவிட்டு, வரியில்லாத கிராஜுவிட்டி மட்டும் குறைந்துபோகும் வாய்ப்பு இருக்கிறது. பணம் பணமாகவே திரும்பிப் போனால்தான் அந்தச் சம்பளப் பதிவை முழுவதுமாக ரத்து செய்வார்கள்.

மனிதவளம்_ஓசூர் | 6 மார்ச் 2025

வணக்கம் தோழி. புதிய நிறுவனத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நான் அந்தப் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் என்பதால். பணியில் சேர்பவர்களின் பி.எஃப். விவரத்தைப் பார்க்கும்போது, பழைய நிறுவனத்தின் விலகல் தேதியும் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்த தேதியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் கவனிப்போம். ஏறியிருந்தால் விளக்கம் கேட்போம், பழைய பி.எஃப். கணக்கைப் புதியதற்கு மாற்றும்போதும் அது இடையூறாக வந்து நிற்கும். ஆனால் இது போன்ற சம்பளப் பிழைகள் எங்களுக்குப் புதிதல்ல. ரிலீவிங் கடிதம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் அனுப்பிய பதில் ஆகிய மூன்றும் இருந்தால் எந்த மனிதவளப் பிரிவும் உங்களைச் சந்தேகிக்காது. அவர்கள் கேட்பதற்கு முன்பு நீங்களாகவே உங்கள் புதிய மேலாளரிடம் ஓடிச் சென்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

பி.எஃப். இணையதளத்தில் விலகல் தேதியை 31.01.2025 என்று பதிவு செய்யுமாறு பழைய நிறுவனத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அவர்கள் செய்யாவிட்டால், கடைசியாகப் பணம் செலுத்தப்பட்ட மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

நீலாம்பல் | 7 மார்ச் 2025

நேற்று மதியம் ரூ. 64,100-ஐ நெஃப்ட் மூலம், பணம் வந்த அதே நிறுவனக் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். யு.டி.ஆர். எண்ணையும் (பணப் பரிமாற்ற எண்) வங்கிக் கணக்கின் அந்தப் பக்கத்தையும் மின்னஞ்சலில் இணைத்தேன். இன்று காலை, தொகை பெறப்பட்டது, பிப்ரவரி 2025 சம்பளம் ரத்து செய்யப்பட்டது, இது தொடர்பாக நிலுவை ஏதும் இல்லை என்று நிதிப் பிரிவுத் தலைவரின் கையொப்பத்தோடு கடிதம் வந்துவிட்டது. கிராஜுவிட்டியில் கழிப்பதற்குச் சம்மதமில்லை என்று பணிவாகவே எழுதி, படிவம் ஐ-யையும் கூடவே அனுப்பியிருக்கிறேன். இந்த மாதத்துக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவருக்கும் இப்போது மனம் தெளிந்துவிட்டது. இனிமேல் நான் சரிபார்க்க வேண்டியது ஏதேனும் மீதமிருக்கிறதா?

கணக்குப்பிள்ளை_கோவை | 7 மார்ச் 2025

மகிழ்ச்சி. இரண்டு இடங்களை மட்டும் பார்த்துவிடுங்கள். மார்ச் 20 வாக்கில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பழைய நிறுவனத்தின் பெயருக்குக் கீழே பிப்ரவரி சம்பள மாதத்துக்கு வரவு ஏதும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். பழைய மாதங்களில் உங்கள் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 550, ஓய்வூதியத்துக்கு 1,250 என்று மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். பிப்ரவரிக்கு அந்த வரிசையே இருக்கக் கூடாது. சம்பள மாதமும் பணம் ஏறிய மாதமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், ஜனவரி சம்பளத்துக்காகப் பிப்ரவரியில் ஏறிய வரவைப் பார்த்துத் திகைத்துவிட வேண்டாம்.

அடுத்து, ஜூன் 15-க்குள் படிவம் 16 உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் மொத்தச் சம்பளம் ஏப்ரல் முதல் ஜனவரி வரை மாதம் ரூ. 68,000 வீதம் ரூ. 6,80,000 என்று இருக்கிறதா, விடுப்புப் பணம் கொடுத்திருந்தால் அது தனி வரியாக வந்திருக்கிறதா என்பதை வருமான வரித் துறையின் 26ஏஎஸ் வரி வரவு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரூ. 68,000 கூடுதலாகத் தெரிந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பாகவே, இன்று வந்த கடிதத்தின் நகலோடு நிதிப் பிரிவுக்கு எழுதி, 24கியூ-வுக்குத் திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.